சுத்தியாச்சு

“அந்த அட்டையை மட்டும் வெட்டிருவோம்னுதான் சொல்லுதேன், அட்டை போச்சுன்னா...”

“ஒண்ணையும் வெட்டப்படாது.”

“அட்டை போச்சுன்னா அப்பா சும்மா நடக்குத மாதிரி இருக்கும், யாருக்கு என்ன தெரியப்போ...”

“வெட்டப்படாதுன்னு சொல்லுதேன்லா. காதுல விழலையா ஒனக்கு?”

“மொதல்ல நான் பேசி முடிச்சுக்கிடுதேன்க்கா...”

“நீ பேசி முடிச்சா கத்திரிக்கோலோட எந்திரிச்சிருவ. எனக்குத் தெரியாதா ஒன்ன.”

செல்வக்குமாரின் மனைவி யோகலட்சுமி காப்பித் தம்ளர் இரண்டையும் டிவிக்கு முன்னால் இருந்த ஸ்டூலில் வைத்தாள். “ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசுனா யாருக்குப் பதில் சொல்லன்னு டிவியே முழிக்கி, பாருங்க” என்றாள்.

டிவி முழித்துக்கொண்டுதான் நின்றது. செல்வக்குமார் ரிமோட்டை அமுக்கி நிறுத்தியிருந்த இடத்தில், யாரோ ஒரு வெள்ளைக்காரனின் இரண்டு கைகள் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தன. அட்டையில் இங்கிலீஷில் கையெழுத்து. அதைப் படிக்க அக்காளுக்கும் தம்பிக்கும் யார் உதவியும் தேவையில்லை. பொன்மணி முப்பது வருஷம் டெலிபோன் எக்சேஞ்சில் உட்கார்ந்து ரிட்டயர் ஆனவள். செல்வக்குமார் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். அக்காளுக்கு அறுபத்தெட்டு, தம்பிக்கு அறுபத்துநாலு. இந்த வயதில் இரண்டு பேரும் இப்படிச் சண்டை போட்டுக்கொள்வது அவர்களுடைய அப்பாவுக்காக. அவர் செத்து முப்பது வருஷமாகிறது.

அப்பா பேர் சங்கரநாராயணன். இரண்டாம் உலக யுத்தத்தின்போது கப்பல் படையில் இருந்தவர். சங்கரன்கோவிலில் அவர்கள் தெருவிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. ஆனால் கடலையே கண்ணால் பார்க்காத ஊரிலிருந்து கப்பலுக்குப் போனவர் அவர் ஒருத்தர்தான். அதனால் வீட்டுக்கு ‘நேவி வீடு’ என்று பேர் விழுந்தது. கல்யாணப் பத்திரிகையில்கூட ‘நேவி’ செல்வக்குமார் என்றுதான் போடுவார்கள். போடாமல் விட்டால் செல்வக்குமாருக்கு அந்தக் கல்யாணத்தில் சாப்பாடு இறங்காது.

அப்படிப்பட்டவனுக்குப் போன மாதம் ஒரு வீடியோ வந்தது. அப்பாவோடு அதே கப்பலில் இருந்த கடையநல்லூர் ரசூல் என்பவரின் பேரன் முகம்மது ஹுசைன் துபாயில் இருக்கிறான். அவன் தாத்தா இருந்த கப்பலின் பேரைப் போட்டுத் தேடும்போது, வெளிநாட்டு மியூசியம் ஒன்றின் பக்கத்தில் அது கிடைத்திருக்கிறது. அந்தக் கப்பலில் இருந்த ஓர் அதிகாரி, கையோடு வைத்திருந்த சின்ன கேமராவில் பொழுதுபோக்காக எடுத்த படம். அவருடைய மகள்கள் பரணில் கிடந்த சுருளை எடுத்து மியூசியத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். சத்தம் கிடையாது. இரண்டரை நிமிஷம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து, ஆகஸ்ட் பதினைந்து. ஜப்பான்காரன் பணிந்துவிட்டான், சண்டை முடிந்தது என்று செய்தி வந்த நாள்.

செல்வக்குமார் வீடியோவை முழுதாகப் பார்க்கக்கூட இல்லை. முதல் அரை நிமிஷத்தில் அப்பா முகத்தைக் கண்டதுமே, முன்னாள் படைவீரர் சங்கத்துக்குப் போனைப் போட்டு, சுதந்திர தினத்தன்று கல்யாண மண்டபத்தில் திரை கட்டிக் காட்டப்போகிறேன் என்று சொல்லிவிட்டான். நோட்டீசும் அடித்தாயிற்று. அதற்கப்புறம்தான் அட்டை வரைக்கும் பார்த்தான்.

“இன்னொரு தடவ படி” என்றாள் பொன்மணி.

“நான் படிக்க மாட்டேன்.”

அவளே படித்தாள். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘எல்லோருக்கும் சமாதானம் வந்துவிட்டது. தண்டனைக்காரனுக்கும் அவன் காவல்காரனுக்கும் இன்னும் வரவில்லை.’

“போதுமா?” என்றான் செல்வக்குமார். “கப்பல்ல அத்தன பேரும் தொப்பியத் தூக்கி எறிஞ்சு ஆடுதான். எங்க அப்பா மட்டும் பனிஷ்மெண்ட்ல சுத்திச் சுத்தி நடக்காரு. இத பேச்சிராஜா பாக்கணும். அவரு ராணுவத்துல ஹவில்தாரா இருந்தவரு. ‘நேவின்னா தண்ணி காட்டுத வேலைதான வே’ன்னு முப்பது வருஷமா என்னக் கேலி பண்ணிக்கிட்டிருக்காரு. இனிமே ஊருக்குள்ள ‘பனிஷ்மெண்ட்’ செல்வக்குமாருன்னு பத்திரிகை அடிப்பானுவ.”

“அப்பா தப்புப் பண்ணுத ஆளா?”

“அது எனக்குத் தெரியும். அட்டைக்குத் தெரியாதுல்லா.”

“வெட்டுனா மட்டும்? மியூசியத்துல இருக்கத யாரு வெட்ட? நாளைக்கே போன்ல தேடிப் பாத்துட்டு ஒருத்தன், ‘நேவி வீட்டுக்காரன் அப்பன் தண்டனைய மறைச்சுட்டான்’னு சொல்லுவான். அது இதவிடக் கேவலம்லா. ஓடவிடு, முழுசாப் பாப்போம்.”

செல்வக்குமார் ரிமோட்டை அமுக்கினான். அட்டை நகர்ந்தது. கப்பலின் மேல்தளம். நடுவில் இரும்பு அறை ஒன்று, அதைச் சுற்றி ஓர் ஆள் நடக்கிற அகலத்தில் பாதை. அதில் வெறுங்காலோடு ஒருத்தர் வருகிறார். ஒல்லி. வலது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்த நடை. இன்றைக்கும் செல்வக்குமார் கடைத்தெருவில் அப்படித்தான் நடந்து போகிறான். அவர் அறையின் முன்பக்கம் வந்ததும் ஒரு நொடி நிற்கிறார். கேமரா பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை. முழங்கை இரண்டும் மடங்குவது மட்டும் தெரிகிறது. பிறகு நடக்கிறார். மறுபடி சுற்றி வருகிறார். ஓரத்தில் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து இன்னொருத்தர் தீப்பெட்டியிலிருந்து குச்சி எடுத்துத் தரையில் வைக்கிறார். அவர்தான் ரசூல்.

“முன்னால வந்து ஒவ்வொரு தடவையும் சட்டப் பொத்தானத் தடவுதாரு, பாரு” என்றான் செல்வக்குமார். “பயத்துல.”

பொன்மணிக்கு அது பொத்தான் என்று தோன்றவில்லை. வேறு என்ன என்றும் தோன்றவில்லை.

அன்று மத்தியானமே பொன்மணி வீட்டுக்குப் போன் வந்தது. ரசூலின் மகள் ஆயிஷா சித்திகா. அப்பாக்கள் உயிரோடு இருந்தபோது பெருநாளைக்கும் தீபாவளிக்கும் போக்குவரத்து உண்டு. அதற்கப்புறம் போனோடு சரி.

“அக்கா, படத்தப் பாத்தியளா? ரெண்டு பேரு வாப்பாவும் ஒரே படத்துக்குள்ள இருக்காவ.”

“பாத்தேன் ஆயிஷா. உங்க வாப்பா ஒக்காந்து தீக்குச்சி அடுக்குதாவ.”

“ஆமா. அதுல என்னமோ காவல்காரன்னு எழுதியிருக்கானாமே, எம் மகன் சொன்னான். எனக்கு வயிறு எரியுது. எங்க வாப்பா யாருக்குக் காவல் நின்னாவ? அன்னைக்கு அவுக செஞ்ச வேல என்னன்னு அவனுக்குத் தெரியுமா?”

“என்ன வேல?”

“ஏன்க்கா, உங்களுக்குத் தெரியாதா? எங்க தெருவுல அவுகளுக்கு நூத்தியெட்டு ரசூல்னுதான் பேரு. சண்ட முடிஞ்ச அன்னைக்கு ஒத்த நாள்ல நூத்தியெட்டு எண்ணுனேன்னு மவுத்தாகுத வரைக்கும் சொல்லுவாவ. கடல்ல கெடந்த கண்ணிவெடி. அந்தக் கப்பலு கண்ணி வாருத கப்பல்லா. எம் பேத்தி பள்ளிக்கொடத்துல இத வச்சுப் பேசி கப்பு வாங்கியிருக்கா.”

பொன்மணி போனை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினாள். எக்சேஞ்சில் இருந்த காலத்துப் பழக்கம் அது. ஏதாவது சரியாகக் கேட்க வேண்டும் என்றால் வலது காதுக்குத்தான் கொடுப்பாள்.

“வெடின்னு அவுக வாயால சொன்னாவளா ஆயிஷா?”

“என்னக்கா கேக்கிய?”

“நூத்தியெட்டு வெடின்னு சொன்னாவளா, இல்ல நூத்தியெட்டுன்னு மட்டும் சொன்னாவளா?”

“நூத்தியெட்டு எண்ணுனேன்னு சொல்லுவாவ. சங்கரனுக்காக எண்ணுனேன்னு சொல்லுவாவ. கண்ணி வாருத கப்பல்ல வேற எதைக்கா எண்ணுவாவ?”

ஆகஸ்ட் பதினைந்து என்றால் ஆடி முடிய ஒரு நாளோ இரண்டு நாளோ என்று பொன்மணியின் விரல்கள் தானாகக் கணக்குப் போட்டன.

சங்கரன்கோவிலில் ஆடி மாதம் என்றால் என்னவென்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். தவசுக்குக் கொடி ஏறிவிட்டால், கோமதியம்மன் ஒற்றைக் காலில் தவம் நிற்கிற அந்த நாட்களில், ஊரே கோயிலைச் சுற்றும். ஆடிச்சுற்று என்று அதற்குப் பேர். நூற்றொன்று, நூற்றெட்டு என்று அவரவர் நேர்ந்துகொண்டபடி. தாய் நிற்கிறாள், பிள்ளைகள் நடக்கிறோம் என்பார்கள். கால் வீங்கிப்போகும். எண்ணிக்கை தப்பிவிடக் கூடாது என்று சிலர் புளியங்கொட்டை வைத்துக்கொள்வார்கள், சிலர் சுவரோரம் ஓர் ஆளை உட்கார வைத்து எண்ணச் சொல்வார்கள்.

வருஷாவருஷம் பொன்மணியின் அம்மாவும் சுற்றப் போவாள். கிளம்பும்போது, “நீங்களும் வாரியளா?” என்று அப்பாவைக் கேட்பாள்.

“நாந்தான் சுத்தியாச்சேளா” என்பார் அப்பா.

“ஆமா. ஊரு, ஒலகம், கடலு எல்லாம் சுத்துனிய. இங்கன இருக்க கோயிலச் சுத்தக் காலு வலிக்கி.”

அப்பா சிரிப்பார். அவ்வளவுதான் அவர் சொன்ன பதில். நேவி வீட்டில் அது ஒரு பெருமைப் பேச்சாகவே ஆகிவிட்டது. எங்க அப்பா உலகத்தையே சுத்தியாச்சு என்று செல்வக்குமார் எத்தனை மேடையில் சொல்லியிருப்பான்.

“அக்கா? லைன்ல இருக்கியளா?”

“இருக்கேன் ஆயிஷா. உங்க வாப்பா வெடிய எண்ணல.”

“பெறகு?”

“எங்க அப்பா ஆடிச்சுத்து சுத்தியிருக்காரு. கப்பல்லயே. கோயிலுக்கு வர முடியாதுல்லா, ஆடி வேற முடியப் போவுது. உங்க வாப்பா குச்சி வச்சு எண்ணிக் குடுத்திருக்காவ. நூத்தியெட்டு.”

சொன்ன பிறகுதான் பொன்மணிக்கு உறைத்தது. ஒரு குடும்பம் எழுபது எண்பது வருஷமாக வைத்திருந்த நூற்றெட்டு வெடியை ஒரே வாக்கியத்தில் பிடுங்கிவிட்டோமே என்று. போனை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பம் கண்ணி இல்லியா” என்றாள் ஆயிஷா.

“இல்ல போலுக்கு.”

“எம் பேத்தி கப்பு வாங்கிட்டாளே.”

“வாங்குனது வாங்குனதுதான். அத யாரும் திருப்பிக் கேக்கப் போறதில்ல.”

பிறகு ஆயிஷா கேட்டாள்: “எண்ணுனது எங்க வாப்பாதான?”

“அவுகதான். அம்புட்டு பேரும் குடிச்சுக் கும்மாளம் போடும்போது, எடத்த விட்டு அசையாம இருந்து எண்ணியிருக்காவ.”

“ஒண்ணுகூடத் தப்பியிருக்காது. எங்க வாப்பா கணக்குல கெட்டி.” அவள் குரல் நிமிர்ந்துவிட்டது. “படம் போடுத மண்டபத்துக்கு நானும் வாரேன்க்கா. பெண்டுகளுக்கு எடம் இருக்குல்லா?”

பொன்மணி தம்பி வீட்டுக்கு வெயிலோடு வெயிலாக நடந்தாள். மறுபடி டிவியைப் போடச் சொன்னாள். இப்போது அவள் பேசவில்லை, எண்ணினாள். அப்பா முன்பக்கம் வருகிறார், முழங்கை மடங்குகிறது, ரசூல் ஒரு குச்சி வைக்கிறார். மறுபடி வருகிறார், முழங்கை, ஒரு குச்சி. படத்தில் மொத்தம் நான்கு சுற்று. நான்கும் வலமாகவே வந்தார்.

யோகலட்சுமிதான் முதலில் சொன்னாள். “அத்தான் சொன்னாவளே பொத்தான்னு. கும்பிடுதாவ. பின்னால இருந்து பாத்தா கை தெரியாது, முழங்கைதான் தெரியும். ஆடிச்சுத்துல நம்ம முன்னால போறவுகள அப்பிடித்தான பாத்துக்கிட்டே நடக்கோம்.”

செல்வக்குமார் ரிமோட்டைக் கீழே வைத்தான். துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

“எதுக்கு நேந்தாருக்கா?”

“அது அவருக்கும் அம்மனுக்கும் தெரியும். கண்ணிவெடிக்கு நடுவுல கெடந்த மனுசன். எல்லாரும் உசிரோட கரையேறணும்னு நெனச்சிருப்பாரு.”

“நம்மகிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.”

“வருசா வருசம் சொன்னாரு. சுத்தியாச்சு, சுத்தியாச்சுன்னு. நமக்குத்தான் வெளங்கல.”

செல்வக்குமாருக்கு உடம்பெல்லாம் உயிர் வந்துவிட்டது. எழுந்து இரண்டு நடை நடந்தான். “அப்பம் சரி. படம் போடுததுக்கு முன்னாலயே நான் மைக்கப் புடிச்சு வெவரமாச் சொல்லிருதேன். இது தண்டன இல்ல, ஆடிச்சுத்துன்னு...”

“சொல்லப்படாது.”

“இது என்னக்கா ஒங்கூட ரோதன? வெட்டவும் கூடாது, சொல்லவும் கூடாதுன்னா?”

“நீ மொதல்ல சொன்னா அது சமாளிப்பு. அப்பன் தண்டனைய மறைக்கதுக்கு மகன் சாமியத் தூக்கிக்கிட்டு வாரான்னு பேச்சிராஜாவே சொல்லுவாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல. நாளைக்கு நமக்கு இந்தக் கதை தெரியாம இருந்து, இன்னொருத்தன் வந்து இப்பிடிச் சொன்னா, நாமளும் அப்பிடித்தான் நெனப்போம்.”

“பெறகு?”

“பேசாம ஓடவிடு. அட்டையோட. இந்த ஊருக்காரனுக்கு அவரு நடக்க நடை தெரியணும். ஒருத்தருக்காவது தெரியணும்.”

“தெரியலன்னா?”

“தெரியலன்னா அது எங்கூட போகட்டும். நான் மேடைல ஏறிச் சொல்லுதேன், சிரிக்கவன் என்னையப் பாத்துச் சிரிக்கட்டும். ஆனா நம்மளாச் சொல்லி அப்பாவுக்கு ஒரு பேரு வேண்டாம்லே.”

செல்வக்குமார் அக்காளைப் பார்த்தான். பிறகு, “அக்காவுக்குக் காப்பி போடு” என்று யோகலட்சுமியிடம் சொன்னான்.

சுதந்திர தினத்தன்று சங்கத்து வாசலில் கொடி ஏற்றி, மிட்டாய் கொடுத்து, எல்லோரும் மண்டபத்துக்கு வரும்போது மணி பத்தரை. ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். முன்வரிசையில் மெடல் குத்திய சட்டையோடு பேச்சிராஜா. எண்பது வயதிலும் முதுகு வளையாத மனிதர். மகளிர் பக்கத்தில் முதல் நாற்காலியில் ஆயிஷா சித்திகா, மடியில் ரசூலும் சங்கரநாராயணனும் யூனிஃபார்மில் நிற்கிற பழைய போட்டோ. பக்கத்தில் பொன்மணி. அவளுக்கு இந்தப் பக்கம் செல்வக்குமார், கையில் மைக்.

படம் ஓடியது. கடல் வந்ததும் ஒரு சலசலப்பு. வெள்ளைக்காரனும் நம்ம ஆளும் தோளில் கை போட்டு ஆடுகிறார்கள், தொப்பி பறக்கிறது, ஒரு நாய் குரைக்கிற மாதிரி வாயைத் திறந்து மூடுகிறது. சங்கரநாராயணன் கேமராவைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்புகிறார். “ஏ, நேவி அண்ணாச்சி” என்று யாரோ ஒருத்தர் சத்தம் போட, மண்டபம் கைதட்டியது. செல்வக்குமாரின் நெஞ்சு ஓர் அங்குலம் உயர்ந்ததைப் பொன்மணி பக்கவாட்டில் பார்த்தாள்.

அட்டை வந்தது.

பேச்சிராஜா கண்ணாடியை ஏற்றிவிட்டு, இங்கிலீஷில் எழுத்துக் கூட்டாமல் படித்தார். பிறகு படிக்காதவர்களுக்காகத் தமிழிலும் சொன்னார். அவர் குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை போகும்.

“ஏ வே செல்வக்குமார்” என்று திரும்பினார். “சண்ட முடிஞ்ச அன்னைக்கும் உங்க ஐயாவுக்கு பனிஷ்மெண்ட் முடியலியா? இத நேவி வீட்டுல எங்ககிட்டச் சொல்லவே இல்லியே.”

முதல் இரண்டு வரிசை சிரித்தது. அது கெட்ட எண்ணத்தில் சிரித்த சிரிப்பில்லை. ஆனாலும் சிரிப்புத்தான். செல்வக்குமார் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனான். பொன்மணி அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

“இரு.”

“அக்கா...”

“இருலே.”

திரையில் அப்பா வந்தார். வெறுங்கால். முன்பக்கம் நின்றார், முழங்கை மடங்கியது, போனார். ரசூல் குச்சி வைத்தார். “ரோட்டக் காணும்னு தேடுதாரு போல” என்று யாரோ சொல்ல இன்னொரு சிரிப்பு. இரண்டாம் முறை வந்தார். சிரிப்பு குறைந்தது, ஆனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பொன்மணியின் கைக்குள் சட்டை நுனி ஈரமாகிவிட்டது. இன்னும் இரண்டு சுற்றுத்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் ஆயிஷா சத்தம் வராமல் உதடசைத்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

சமையல்கட்டுப் பக்கத்துக் கதவு திறந்தது. அந்த மண்டபத்தில் பந்தி வேலை பார்க்கிற முப்பிடாதியம்மாள், இலைக் கட்டைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தாள். அட்டை வந்ததும் அவளுக்குத் தெரியாது, பேச்சிராஜா படித்ததும் அவள் காதில் விழவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் கோயிலில் நூற்றெட்டுச் சுற்று முடித்துவிட்டு, கால் வீக்கம் வற்ற மூன்று நாள் வேலைக்கு வராமல் இருந்தவள். பந்திக்கூடத்துக்குப் போகிற வழியில், முன்வரிசை நாற்காலிக்குப் பக்கத்தில், திரையை நிமிர்ந்து பார்த்தபடி நின்றுவிட்டாள்.

மூன்றாம் முறை அவர் முன்பக்கம் வந்தார். முழங்கை இரண்டும் மடங்கின.

முப்பிடாதியம்மாள் இலைக் கட்டை மெதுவாகத் தரையில் இறக்கினாள். செருப்பைக் கழற்றி ஒதுக்கினாள். மகளிர் வரிசையில் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம், அதற்குப் பின்னால் இன்னொன்று. பேச்சிராஜா என்னவென்று அண்ணாந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், கோயில் பிராகாரத்தில் பக்கத்தில் நடக்கிறவரிடம் கேட்கிற அதே தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அண்ணாச்சி, இவுக இப்பம் எத்தனாவது சுத்துல போறாவ?”